ஈசாக்கியின் பெட்டி

குளிர்காலக் கொட்டிலின் கதவைத் திறக்கும் நாளில் யாரும் காலையில் சாப்பிடுவதில்லை. அது வழக்கம். அந்த ஆண்டு வழக்கத்தைக் கடைப்பிடிக்க யாரும் சிரமப்படவில்லை. சாப்பிட எதுவும் இருக்கவில்லை.

கொட்டில் தேவாலயத்தின் வடக்குப் பக்கம், ஏரியைப் பார்த்து நின்றது. நவம்பரிலிருந்து மே வரை மண் கல்லாகக் கிடக்கும். கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். அதனால் குளிர்காலத்தில் செத்தவர்கள் பெட்டிகளில் ஆணியடிக்கப்பட்டு அங்கே காத்திருப்பார்கள். மண் இளகியதும் எல்லோரையும் ஒரே நாளில் புதைப்பார்கள். மற்ற ஆண்டுகளில் ஏழெட்டுப் பெட்டிகள் இருக்கும். 1868இல் நாற்பத்து மூன்று.

அவற்றில் இரண்டு வால்புரியுடையவை. ஒன்று அவள் கணவன் ஈசாக்கி. ஜனவரியில் போனவன். மற்றது சின்ன மகள் காய்சா. மார்ச். நான்கு வயது.

ஏரியில் பனிக்கட்டி உடைந்து எட்டு நாள் ஆகியிருந்தது. வால்புரியும் மூத்த மகள் லோவீசாவும் அண்டை வீட்டாரின் படகில் மூன்று மணி நேரம் துடுப்புப் போட்டு வந்தார்கள். லோவீசாவுக்குப் பதினொரு வயது. அவளுடைய துணிமூட்டை காலடியில் இருந்தது. கரையில் இறங்கியதும் தானெலி அந்த மூட்டையை எடுத்துப்போய்த் தன் படகில் வைத்தான். தானெலி ஈசாக்கியின் தம்பி.

"மூட்டைய அங்க போட்டுட்டேன், அண்ணி. பொதைச்சு முடிஞ்சதும் கெளம்பிருவோம். சாயங்காலம் காத்து எதிர்க்கும்."

"சரி."

"புள்ள அங்க பட்டினி கெடக்காது. ஒரு பசு இன்னும் கறக்குது."

"சரின்னு சொல்லிட்டேன்ல, தம்பி."

அவன் போகவில்லை. தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தான்.

"அந்த அரைப் பீப்பா விதை மட்டும் இருந்திருந்தா இதெல்லாம் வேண்டியதே இல்ல."

தான் எடுக்கவில்லை என்று வால்புரி ஜனவரியில் சொன்னாள். பிப்ரவரியில் கத்தினாள். மார்ச்சுக்குப் பிறகு விட்டுவிட்டாள். விதையை அவள்தான் தின்றாள் என்று ஊரே நம்பியது. யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் மோசம். எல்லோரும் அவளைப் புரிந்துகொண்டார்கள்.

நிலம் குத்தகை. யோவான் திருநாளுக்குள் விதைக்காவிட்டால் நிலத்துக்காரர் அதை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். அதன் பிறகு வால்புரிக்குத் திருச்சபை வாரம் ஒரு வீட்டில் சோறும் படுக்க ஒரு மூலையும் கொடுக்கும். பிள்ளையோடு யாரும் ஏற்க மாட்டார்கள். அதனால் லோவீசா தானெலியின் வீட்டுக்கு. மாட்டைப் பார்த்துக்கொள்வாள். வளர்வாள். வேலைக்காரியாக.

யோவான் திருநாளுக்கு ஒரு மாதம் இருந்தது. மாவட்டம் முழுக்க விதை இல்லை.

*

முந்தைய ஆண்டு செப்டம்பரில் ஒரே இரவில் உறைபனி விழுந்தது. பால் பிடித்த பார்லி காலையில் வெள்ளையாக நின்றது. ஈசாக்கி ஒரு கதிரைக் கிள்ளி விரலால் நசுக்கினான். தண்ணீர் வந்தது. கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு வீட்டுக்குள் போனான். 

மாதக் கடைசியில் மிகாவேல் திருநாள் கழிந்து ஒரு மாலை அவன் சொன்னான்.

"போன வருச வெதை பத்திரமா இருக்கு. அரைப் பீப்பா."

"எங்க?"

"அத மட்டும் கேக்காத. இன்னொரு தடவ கேட்டா சொல்லிருவேன். சொன்னா நீ புள்ளைங்களுக்குக் காச்சிக் குடுத்துருவ."

"நான் குடுக்க மாட்டேன்."

"குடுப்ப. நானும் குடுப்பேன். அதான் எனக்கே எடுக்கக் கஷ்டமான எடமாப் பாத்து வச்சிருக்கேன்."

"உன் மண்டைக்குள்ளயா? அங்கதான் நெறைய எடம் கெடக்கு."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு அவள் கேட்கவில்லை. பைன் மரப்பட்டையை இடித்து மாவாக்கி ரொட்டி சுட்டாள். டிசம்பரில் கேட்கலாம் என்று நினைத்தாள். கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஜனவரியில் அவன் பட்டை உரிக்கக் காட்டுக்குப் போனான். இருட்டியும் வரவில்லை. தானெலி தீப்பந்தத்தோடு தேடிப் போனான். பாதி உரித்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தான் ஈசாக்கி. கோடரி மடியில். புருவத்தில் பனி. கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுவான் போல. தானெலி இரண்டு தடவை கூப்பிட்டும் பார்த்தான்.

அந்தப் பக்கத்தில் நாற்பது வயதான ஆண் தனக்கான பெட்டியைத் தானே செய்து களஞ்சியத்தில் வைத்துக்கொள்வான். நல்ல ஆண்டுகளில் அதில் தானியம் கொட்டி வைப்பார்கள். எலி நுழையாத பெட்டி. ஆள் போனதும் தானியத்தைக் கொட்டிவிட்டு ஆளை வைப்பார்கள். ஈசாக்கியும் செய்து வைத்திருந்தான். கனத்த பைன் பலகை. அவன் இறந்த மறுநாள் வால்புரி முதலில் தேடியது அந்தப் பெட்டியில்தான். கையை விட்டுத் துழாவினாள். வைக்கோல். அடியில் பலகை. தட்டிப் பார்க்கவில்லை. சவப்பெட்டியை யார் தட்டிப் பார்ப்பார்கள்.

அவனைப் படுக்க வைத்தபோது மூக்கு பெட்டியின் விளிம்புவரை வந்தது. தானெலி மூடியை வைத்து முழங்காலால் அழுத்திக்கொண்டுதான் ஆணி அடித்தான்.

"அண்ணன் தன்னைக் குட்டை ஆளுன்னு நெனச்சுச் செஞ்சிருக்கான் போல," என்றான் அழுதுகொண்டே.

உறைந்த ஏரிமேல் சறுக்குவண்டியை இழுத்த குதிரை மூன்று தடவை நின்றது. தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயிற்பிள்ளை குஸ்தா கொட்டிலில் இறக்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டார். "நாலு மாசப் பட்டினிக்கு இவ்வளவு கனமா? எங்ககிட்டச் சொல்லாம எதையோ தின்னுருக்கான்."

அதன் பிறகு வால்புரி தேடினாள். களஞ்சியத்தின் தரைப்பலகைகளைப் பெயர்த்தாள். குளியல் குடிலின் கல்லடுப்பைப் பிரித்தாள். கிணற்றுச் சுவரைத் தடவினாள். காட்டில் ஒவ்வொரு கல்லின் அடியிலும் பனியைத் தோண்டினாள். நகம் இரண்டு போயிற்று.

மார்ச்சில் காய்சா கஞ்சி கேட்டாள். பட்டைமாவில் காய்ச்சியதைத் துப்பினாள். "வேற கஞ்சி," என்றாள். மூன்று நாள் கேட்டாள். நான்காம் நாள் கேட்கவில்லை.

அவளுடைய சின்னப் பெட்டியைக் கொட்டிலில் எங்கே வைப்பது என்று குஸ்தா கேட்டார். இடம் இருக்கவில்லை. "அப்பா மேல வைங்க," என்றாள் வால்புரி.

ஈஸ்டரன்று தேவாலயக் கூரை விளிம்புவரை பனி நின்றது. புதிய போதகர் உயிர்த்தெழுந்தவரின் கல்லறைக் கல் புரட்டப்பட்ட கதையை வாசித்தார். ஒவ்வொரு வசனத்துக்கும் வாயிலிருந்து ஆவி வந்தது. வால்புரி சன்னல் வழியாகக் கொட்டிலைப் பார்த்தாள். கதவின் பாதி பனிக்குள் இருந்தது. அந்தக் கதை நடந்த ஊரில் பனி இல்லை போல, என்று நினைத்தாள். கல்லை மட்டும் நகர்த்தினால் போதும்.

*

குஸ்தா சாவியைத் திருப்பினார். பூட்டு துருப்பிடித்திருந்தது. எழுபது பேர் பின்னால் நின்றார்கள். 

"பயப்படாதீங்க," என்றார் குஸ்தா. "ஒருத்தரும் ஓடிப் போகல."

ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவு திறந்தது. வாடை வந்தது. எல்லோரும் ஓர் அடி பின்னால் போனார்கள். போதகர் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். இருபத்தாறு வயது. பழைய போதகர் காய்ச்சலில் இறந்ததால் வந்தவர். பழைய போதகரும் அந்த நாற்பத்து மூன்றில் ஒருவர்.

பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பலகையில் செதுக்கிய வீட்டுக்குறியைக் குஸ்தா உரக்கச் சொல்வார். அந்த வீட்டார் முன்னால் வந்து தூக்குவார்கள். தண்ணீர் சொட்டியது. கூரைப் பனி உருகி மூன்று வாரமாகச் சுவர் வழியாக உள்ளே இறங்கியிருந்தது. வெளியே வெயிலில் கண் கூசியது. பிர்ச் மரங்கள் இன்னும் கறுத்தே நின்றன. சுற்றிலும் பழுப்பு, சாம்பல், அழுக்கு வெள்ளை. அக்டோபருக்குப் பிறகு பைன் மரங்களின் கருமையைத் தவிர அந்த ஊரில் யாரும் வேறு நிறம் பார்த்திருக்கவில்லை.

முப்பது பெட்டி வந்தது. பிறகு குஸ்தா உள்ளே போனார். குரல் வரவில்லை. காத்திருந்தார்கள். அவர் வெளியே வந்தபோது தொப்பி கையில் இருந்தது. முகம் மாவு பூசினது போல இருந்தது.

"வால்புரி. நீ மட்டும் வாம்மா."

"என்ன அண்ணே?"

"வா."

"நரியா? நரி புகுந்துருச்சா?"

"நரி இல்ல. வந்து பாரு. என்னால சொல்ல முடியல."

அவள் உள்ளே போனாள். தானெலி கேளாமல் பின்னால் வந்தான். மரச்சுவரின் இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக விழுந்தது. கடைசி மூலையில் ஈசாக்கியின் பெட்டி. அதன்மேல் காய்சாவின் பெட்டி. வெயில் கோடு பெரிய பெட்டியின் கால்மாட்டில் விழுந்தது.

அங்கே பச்சை இருந்தது.

பக்கப்பலகையும் அடிப்பலகையும் சேரும் இடுக்கிலிருந்து அது வெளியே வந்திருந்தது. விரல் நீளம். கைப்பிடி கைப்பிடியாக. வெயில் இருந்த பக்கம் வளைந்து, நுனியில் ஒவ்வொரு துளி தண்ணீரோடு.

வால்புரிக்கு முதலில் தோன்றியது வெளியே சொல்லக்கூடாத ஒன்று. அவன் வளர்கிறான்.

ஈரத் தரையில் உட்கார்ந்தாள். தானெலி அவளுக்குப் பின்னால் ஆண்டவரே, ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அவனே நிறுத்தினான்.

"வைக்கோலு," என்றான். "வைக்கோல்ல ரெண்டு மணி ஒட்டிட்டு இருந்திருக்கும். அதான் மொளைச்சிருக்கு. அவ்வளவுதான். குஸ்தா அண்ணே, அவ்வளவுதான்."

வால்புரி கை நீட்டி ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வந்தது. வெள்ளை வேர் ஆறு. நடுவில் தோல் சுருங்கிய மணி. அதைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவனுக்கடியில நான் போட்டது ரை வைக்கோல், வேற தானியம்," என்றாள். "இது பார்லி."

"இருட்டுல என்ன தெரியும்? எடுத்துப் போட்டிருப்பீங்க."

"தம்பி, நீ மூடிய எப்படி வச்ச?"

"என்ன?"

"அன்னைக்கு. மூடி எறங்கல. முழங்கால வச்சு அழுத்தினல்ல."

"ஆமா. பெட்டி ஆழம் பத்தல."

அவள் முழங்கையைத் தரையில் ஊன்றி, கையைப் பெட்டியோடு ஒட்டி நிமிர்த்தினாள். விரல் நுனி மூடியின் விளிம்புக்குக் கீழேயே நின்றது. அதற்கு மேலும் நாலு விரல் பலகை இருந்தது.

"பாரு," என்றாள். "ஆழம் பத்தாத பெட்டியா இது?"

தானெலி பார்த்தான். குஸ்தா பார்த்தார். அவர் குனிந்து விரல் மடக்கிப் பெட்டியின் பக்கத்தில் தட்டினார். மேலே ஒரு சத்தம். கீழே வேறு சத்தம். கீழே நிறைந்த மூட்டையைத் தட்டினது போல இருந்தது.

"ரெண்டு அடி," என்றார் குஸ்தா. "பாவி மனுசன். ரெண்டு அடிப்பலகை போட்டிருக்கான்."

எனக்கே எடுக்கக் கஷ்டமான இடம். பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து அடிப்பலகையைப் பெயர்க்க வேண்டும். விதைக்கிற அன்றைக்குத்தான் அதை ஒருவன் செய்வான். அந்த நாளுக்கு முன்னால் போய்விடுவோம் என்று ஈசாக்கி நினைக்கவில்லை. எந்த மனிதனும் நினைப்பதில்லை. பெட்டியைச் செய்து வைத்திருப்பவனும்கூட.

வால்புரி பெரிய பெட்டியைப் பார்த்தாள். பிறகு அதன்மேல் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தாள். மார்ச்சிலிருந்து அது அங்கே இருந்தது. பார்லியின்மேல். ஒரு முழம் உயரத்தில்.

அவள் கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். அவளுக்கு நினைவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் அடித்ததும், குஸ்தா பின்னாலிருந்து பிடித்ததும்தான் நினைவு.

"கஞ்சி கேட்டுச்சே! உன் மேலயே கெடந்துச்சே! அது கேட்டுச்சே!"

"விடும்மா. விடு. அவனுக்கு என்ன தெரியும். அவன் போனதுக்கப்புறம்தானே..."

"அவனுக்குத் தெரியும்! நான் குடுத்துருவேன்னு தெரியும்!"

தானெலி சுவரோடு ஒட்டி நின்றான். தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

பெட்டியை நான்கு பேர் வெளியே கொண்டுவந்து இரண்டு மரத்தாங்கிகள்மேல் வைத்தார்கள். பகல் வெளிச்சத்தில் பச்சை இன்னும் பச்சையாக இருந்தது. கூட்டம் விலகியது. பின்பு நெருங்கியது. ஒரு கிழவர் மண்டியிட்டார். ஒருவன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். அங்கே யாரும் அதைப் போடுவதில்லை. எங்கே கற்றானோ.

"எழுந்திரிச்சுட்டாங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். அவளுக்கு அந்த வரிசையில் மூன்று பெட்டி.

"இல்லம்மா," என்றார் குஸ்தா. "விதை."

அந்தச் சொல் பின்வரிசைவரை போயிற்று. 

போதகர் கிட்டே வந்தார். ஒரு தளிரைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். அன்றைக்கு என்ன பேச வேண்டும் என்று மூன்று நாளாக எழுதி வைத்திருந்தார். குளிர்காலம், வசந்தம், கல்லறை, எழுப்புதல். காகிதம் அங்கியின் பையில் இருந்தது.

"ஐயா," என்றாள் வால்புரி.  "அத வெளிய எடுக்கணும்."

"அம்மா... ஆணி அடிச்ச பெட்டிய மறுபடி தெறக்கக் கூடாது. அது சட்டம்."

"மூடியத்தானே ஐயா," என்றார் குஸ்தா. "அடியப் பத்தி எந்தச் சட்டத்துலயும் ஒண்ணும் சொல்லல. நான் முப்பது வருசமா இங்க இருக்கேன்."

"செத்தவர்கூட இருந்த தானியம்," என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "அதப் போய் மண்ணுல போடுறதா?"

"நீ எதைப் போடப் போற?" என்றார் குஸ்தா திரும்பாமல். "ஒன் தாடியையா?"

போதகர் வால்புரியைப் பார்த்தார். அவள் பக்கத்தில் நின்ற லோவீசாவைப் பார்த்தார். சிறுமியின் மணிக்கட்டு குச்சி போல இருந்தது. அவர் அங்கியின் பையைத் தொட்டார். காகிதத்தை எடுக்கவில்லை.

"படகுப் பாய் ஒண்ணு கொண்டு வாங்க," என்றார். "அடியில விரிங்க."

தானெலி ஓடினான். தன் படகின் பாயை அவிழ்த்து இழுத்து வந்தான். குஸ்தா தாங்கிகளின் இடையே மல்லாந்து படுத்துக் கடப்பாரையின் நுனியை இடுக்கில் கொடுத்தார். ஆணி ஒவ்வொன்றாக அலறிக்கொண்டு வந்தது. அவர் உருண்டு வெளியே வந்ததும் தானெலி பலகையை இழுத்தான்.

பார்லி கொட்டியது.

நீண்ட நேரம் கொட்டியது. முதலில் வேகமாக, பின்பு மெதுவாக, பிறகு மணி மணியாக. தலைமாட்டுப் பக்கம் இருந்தது உலர்ந்து மஞ்சளாக, நேற்றுப் புடைத்தது போல இருந்தது. உள்பக்கம் முழுவதும் பிர்ச் பட்டை வைத்துத் தைத்திருந்தான். மேலேயும் பட்டை, கீழேயும் பட்டை. அவனுக்கும் தானியத்துக்கும் நடுவே ஒரு பலகையும் இரண்டு பட்டையும். கால்மாட்டில் மட்டும் தையல் ஓர் இடத்தில் விட்டிருந்தது. அதன் வழியே உருகிய பனி புகுந்திருந்தது. அங்கே பார்லி கொட்டவில்லை. வேரோடு வேர் பின்னி ஒரே பாய் போல ஒட்டி நின்றது.

எழுபது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழு மாதமாகப் பட்டை தின்றவர்கள். யாரும் அசையவில்லை. யாரோ எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஒரு மனிதன் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

வால்புரி குனிந்து ஒரு பிடி அள்ளினாள். மணம் வந்தது. களத்து மணம். அவள் வாய் முழுக்க நீர் ஊறியது. கை தானாக மேலே வந்தது. உதட்டுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் அதைப் பார்த்தாள்.

அப்போது லோவீசா பாயின் ஓரத்தில் குந்தி ஒரே ஒரு மணியை எடுத்து வாயில் போட்டாள். கடிக்கவில்லை. கன்னத்துக்குள் வைத்திருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அதை நாக்கில் எடுத்து, விரலால் துடைத்து, குவியலின் மேல் திரும்ப வைத்தாள்.

வால்புரி கையைத் திறந்தாள். பிடி பார்லியும் பாயில் விழுந்தது.

"கட்டுங்க," என்றாள். "சீக்கிரம் கட்டுங்க."

தானெலி பாயின் நான்கு மூலையையும் இழுத்து முடிச்சுப் போட்டான். இரண்டு முடிச்சு போட்டான். மூன்றாவதும் போட்டான். கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. முதல் வரிசை மனிதன் தன் கையை விட்டான்.

குஸ்தா மண்வெட்டியின் ஓரத்தால் முளைத்த பகுதியைப் புல்கட்டி வெட்டுவது போல வெட்டி எடுத்தார். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். வேர்கள் கீழே தொங்கின.

"இத என்ன பண்ண? மூணு மணி நேரம் படகுல தாங்காது."

"சின்னவ மேல போடுங்க."

"ரெண்டு பேருக்கும் ஒரே குழிதானே வெட்டியிருக்கு."

"அவ பக்கம் போடுங்க."

அப்படியே செய்தார்கள். பெரிய பெட்டிக்கு அடிப்பலகையைத் திரும்ப அடித்து இறக்கினார்கள். இரண்டு பேர் போதும், இப்போது அவ்வளவு லேசாக இருந்தது. சின்னப் பெட்டியை அதன் பக்கத்தில் இறக்கினார்கள். போதகர் மூன்று கரண்டி மண் போட்டார். மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்குப் போகிறோம், கடைசி நாளில் எழுவோம் என்று சொன்னார். வழக்கமான சொற்கள். மூன்றாவதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். குழி மூடி, அதன் இடது பாதியில் குஸ்தா அந்தப் பச்சைத் துண்டை வைத்துக் காலால் மெல்ல அழுத்தினார். போதகர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த குழிக்கு அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. பையில் இருந்த காகிதத்தை அன்று கடைசிவரை எடுக்கவில்லை.

வால்புரி அழவில்லை. குழியின் வலது பாதியைப் பார்க்கவும் இல்லை.

*

கரையில் தானெலி தன் படகிலிருந்து லோவீசாவின் மூட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். அண்டை வீட்டாரின் படகில், கட்டிய பாய்க்குப் பக்கத்தில் அதை வைத்தான். பாய் இல்லாத தன் படகைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் துடுப்புப் போட்டே போய்க்குவேன்," என்றான்.

"ம்."

"நாளைக்கு மறுநாள் குதிரையோட வரேன், அண்ணி. மண்ணச் சமப்படுத்தப் பரம்பும் கொண்டாரேன்."

"வா."

அவன் தண்ணீரில் நின்றான். பூட்சுக்குள் தண்ணீர் போயிருக்கும்.

"நான் தானே மூடிய அழுத்தினேன்," என்றான். "அப்பவாவது யோசிச்சிருக்கணும். பெட்டி வேலை எனக்குத் தெரியும். நான் நாலு செஞ்சிருக்கேன். நான் போயி உங்கள..."

"குதிரைக்குப் புல்லு இல்ல எங்க வீட்ல," என்றாள் வால்புரி. "அதுக்கும் சேத்துக் கொண்டா."

அவன் தலையாட்டினான். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

மூன்றாம் நாள் விதைத்தார்கள். தானெலி குதிரையைப் பிடித்தான். வால்புரி வீசினாள். அது ஈசாக்கியின் வேலை. அவன் எப்படி அடி வைத்து, எந்த அடிக்குக் கையை வீசுவான் என்று பன்னிரண்டு ஆண்டு பார்த்திருந்தாள். முதல் சாலில் அடி தவறியது. பிறகு தவறவில்லை. லோவீசா பின்னால் நடந்து, ஓரத்தில் சிதறியதைப் பொறுக்கி உள்ளே போட்டாள். மூன்று பேரும் அன்று பட்டை ரொட்டிதான் தின்றார்கள். விதைக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து.

அதன் பிறகு மழை பெய்தது. குளிர்ந்த மழை. இரண்டு இரவு தரை வெள்ளையாயிற்று. வால்புரி எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்த்து என்ன செய்ய. படுத்தபடி அவனோடு சண்டை போட்டாள். எங்கே என்று கேட்டாள். இப்போது எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். டிசம்பரில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அவள் காய்ச்சியிருப்பாள். காய்சா இருந்திருப்பாள். வசந்தத்தில் மூன்று பேரும் பிச்சையெடுத்து ரோட்டில் இருந்திருப்பார்கள். அல்லது மூன்று பேரும் கொட்டிலில். அல்லது அப்படி ஆகாமலும் இருந்திருக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் கணக்கு நிற்கவில்லை. அவனுக்கு நன்றி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவனைத் திட்டவும் ஒரு கட்டத்துக்கு மேல் வரவில்லை.

பதினோராம் நாள் விடியற்காலை லோவீசா வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா. அம்மா, வா."

"என்ன?"

"வாயேன்!"

வால்புரி வெறுங்காலோடு போனாள். நிலத்தின் ஓரத்தில் நின்றாள். தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் விழுந்தது. நேரே பார்த்தால் கறுப்பு மண். குனிந்து சாய்த்துப் பார்த்தால் நிலம் முழுவதும், வேலிவரை, ஒரு பச்சைப் புகை. ஒவ்வொரு முனையிலும் ஒரு துளி தண்ணீர். கொட்டிலில் பார்த்த அதே பச்சை.

அவளுக்கு மகிழ்ச்சி வந்தது.

அவள் அதைக் கூப்பிடவில்லை. வரக்கூடாது என்றுதான் இருந்தாள். அது தானாகவே முகத்துக்கு வந்துவிட்டது. அவள் பயந்துபோய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். யாராவது பார்த்துவிடுவார்கள் போல. காய்சா பார்த்துவிடுவாள் போல. அது போகவில்லை. கொட்டிலில் உட்கார்ந்தது போலவே ஈர மண்ணில் உட்கார்ந்தாள்.

"ஈசாக்கி," என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வது.

காட்டுப் பக்கமிருந்து விதை தின்னும் இரண்டு சாம்பல்நிறக் கொக்குகள் தாழப் பறந்து வந்து நிலத்தின் அந்தக் கோடியில் இறங்கின. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒன்று மண்ணைக் கொத்தத் தொடங்கியது.

"அம்மா, கொக்கு! திங்குது!"

"வெரட்டு," என்றாள் வால்புரி. "ஓடு. ஓடுடி!"

லோவீசா கையைத் தட்டிக்கொண்டு வரப்போரமாக ஓடினாள். மெலிந்த கால்கள். சத்தம் மட்டும் பெரிதாக இருந்தது. வால்புரி கையை ஊன்றி எழுந்து, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தானும் கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள்.